நடுவில் கீற்று போடாத பந்தல்

பாம்பன்
8.2.2024

அன்புத் தம்பி யோகேஸ்வரனுக்கு,

அக்கா துர்காதேவி எழுதிக்கொண்டது. நானும் உன் மச்சானும் உன் மருமகள் உமாமகேஸ்வரியும் கடல் தாய் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

பதினான்கு வருஷம் கழித்து இது யார் என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். உங்கள் காவல் முகாமுக்குக் காய்கறி ஏற்றிவருகிற ஜாபர் சாதிக் அண்ணன் எங்கள் தெருதான். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான், பெயர் யோகேஸ்வரன், தாடையில் வெட்டுத் தழும்பு இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு அடுப்பில் இருந்த சட்டியை இறக்கத் தோன்றவில்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன இடத்தில் அரிவாள் பட்ட தழும்பு அது. அம்மா இல்லாத வீட்டில் மஞ்சளை அரைத்து அப்பியவள் நான்தானே.

நான் உன் மச்சானோடு கிளம்பி வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. மீன் பிடிக்கிறவனைக் கட்டிக்கொண்டேன் என்று அய்யா என்னை விட்டது விட்டதுதான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். பஸ்ஸில் அரை மணி நேரம். முகாமில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று அண்ணன் சொன்னார், அதனால் தபாலில் போடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்னை நினைக்காத நாளில்லாத
அக்கா துர்கா


முகாம்
25.2.2024

நலம். அங்கு அனைவரும் நலமா.

கடிதம் கிடைத்தது. அய்யா ஊரில் நன்றாக இருக்கிறார். முழங்கால் வலிதான். இங்கு எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வேலை அதிகம். வெளியே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

யோகேஸ்வரன்


பாம்பன்
2.3.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் பார்த்தால் நீ சுகமாக இருப்பதாகத் தெரியவில்லை. ஐந்தாறு வரிக்குள் இரண்டு தரம் வேலை அதிகம் என்று எழுதியிருக்கிறாய். அக்கா என்று ஒரு தரம் எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். உமா பொங்கலுக்கு மறுநாள் பெரிய மனுஷியாகிவிட்டாள். தாய்மாமன் கட்ட வேண்டிய ஓலைக் குச்சை உன் மச்சானின் கூட்டாளி ஒருவர் கட்டினார். பிள்ளை அதற்குள் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு மாமா இருக்காகளா இல்லையாம்மா?" என்று கேட்டாள். இருக்கிறார் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டாள். அன்றைக்கு அது எனக்கே தெரியாது.

சடங்கை வைகாசியில் வைத்திருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம், உன் மச்சான் கரையில் இருப்பார். நீ சீர் செனத்தி ஒன்றும் கொண்டுவர வேண்டாம். தாய்மாமன் மாலை ஒன்று போட்டுவிட்டுப் போ. அது இல்லாமல் பிள்ளையை மணையில் உட்கார வைத்தால் நாதியற்றவள் மகள் என்று ஊர் பேசும். நான் கேட்டுக்கொள்வேன். அவள் கேட்க வேண்டாம்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


முகாம்
17.3.2024

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மச்சானும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும்.

உன்னிடம் பொய் சொன்னேன். நான் ஓட்டுவது டிரோன். கடலோரத்தைக் காவல் பார்க்கிற வேலையில் ஒரு பகுதியை ஒரு கம்பெனி ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஒரு கொட்டகையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். எந்தப் படகு எல்லைக்கோட்டை ஒட்டிப் போகிறது, எந்தப் படகு இரண்டு பேரோடு போய் மூன்று பேரோடு திரும்புகிறது, கரையில் யார் மூட்டை இறக்குகிறார்கள், எல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சேர்ந்த இரண்டாம் நாளே உன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அம்மன் கோயிலுக்குப் பின்வரிசை என்று ஊரில் யாரோ எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. அந்த வரிசையில் எல்லா மாடியிலும் பெண்கள் கருவாடு காயப்போடுகிறார்கள். மேலே இருந்து பார்த்தால் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். ஒருத்தி மட்டும் இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு குனிந்து திருப்பினாள். களத்தில் வத்தல் கிளறும்போது நீ அப்படித்தான் நிற்பாய். அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தரம் உன் மாடிக்கு மேல் வந்துவிட்டுத்தான் போகிறேன். தலையில் துணி போட்டுக்கொண்டு வெயிலில் நில்.

என்னோடு இருக்கிற ஐந்து பேருக்கும் தமிழ் தெரியாது. சாப்பிடும்போது அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. பகல் முழுக்க ஆயிரம் பேரைப் பார்க்கிறேன். ஒருத்தரும் என்னைப் பார்ப்பதில்லை. உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன்.

இதை யாரிடமும் சொல்லாதே. மச்சானிடம்கூட. சடங்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


பாம்பன்
22.3.2024

வேவு பார்க்கிற தம்பிக்கு,

சுகம்தான், நீதான் தினமும் பார்க்கிறாயே, பிறகு என்ன சுகம் விசாரிப்பது?

அந்தச் சனியன் நீதானா? ஊரே அதைத் திட்டுகிறது. குளிக்கப் போனால் தலைக்கு மேல் நிற்கிறது, கொல்லைக்குப் போனால் பின்னாலேயே வருகிறது என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். நானும் தூற்றியிருக்கிறேன். நீ என்று தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு கை சேர்த்துத் தூற்றியிருப்பேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது காலை ஒன்பதரைக்குச் சத்தம் கேட்டதும் மாடிக்கு ஓடுகிறேன். என் மஞ்சள் சேலையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து ஆட்டுகிறேன். உன் மச்சான் கடலில் இருப்பார், உமா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அந்த நேரம் நானும் நீயும்தான். நேற்று நீ இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினாய், பார்த்தேன்.

அதெல்லாம் சரி. முகம் தெரியவில்லை என்றால் இறங்கி வாயேன்ல. சடங்குக்கு வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா


முகாம்
8.4.2024

அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

சேலையை ஆட்டாதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து மாடிக்கே வராதே. டிரோன் பார்ப்பதெல்லாம் பதிவாகிறது. இன்று மதியம் ஓர் அதிகாரி பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். உன் மாடிதான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். நீ சேலை ஆட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. காலையில் அதற்காகத்தான் எழுந்தேன் என்றே சொல்லலாம்.

உன் வீட்டுக்கு நான் வந்தால் அது யார் வீடு என்று இங்கே கேட்பார்கள். அதற்கு நான் சொல்ல முடிகிற பதில் என்னிடம் இல்லை. ஏன் என்று கேட்காதே.

தம்பி


பாம்பன்
20.4.2024

அன்புத் தம்பிக்கு,

உமா சுகம். நானும் உன் மச்சானும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. அவர்கள் பதினொன்றாம் தேதியே வந்துவிட்டார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். மாடியைப் படம் எடுத்தார்கள், கருவாட்டுச் சாக்கைக் கொட்டிப் பார்த்தார்கள். சேலை காயப்போட்டேன் என்றேன். வீட்டுக்காரன் கடலில் இருக்கும்போது, தினமும் ஒரே நேரத்திலா காய்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். நான் சேலையால் சைகை காட்ட, உன் மச்சான் நடுக்கடலில் எதையோ மாற்றிவிடுகிறாராம். அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு கூடப்பிறந்தவர்கள் யார், எங்கே என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னால் உன் வேலைக்கு என்ன ஆகுமோ என்று பயந்துவிட்டேன். "எனக்குத் தம்பியும் இல்ல, தங்கச்சியும் இல்ல. நான் ஒத்தப் பிள்ள" என்று சொன்னேன். அவர்கள் போனதும் வாயை உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தேன்.

உன் மச்சானை மூன்று தரம் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். போட்டுக்காரர் ஹமீது சுல்தான் நல்ல மனிதர். அவரே, சந்தேகப் பட்டியலிலிருந்து பெயர் நீங்குகிற வரை உன்னை ஏற்ற மாட்டேன், ஏற்றினால் என் போட்டையும் பிடிப்பார்கள் என்று சொல்லிவிட்டார். தடைக்காலம் முடிந்தாலும் இவருக்குக் கடல் இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "யாருக்குடி ஆட்டுன?" என்று கேட்டார். பதினான்கு வருஷத்தில் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். மச்சானிடம்கூடச் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாயே.

நான் மாடிக்குப் போவதில்லை. கருவாட்டைப் பக்கத்து வீட்டில் காயப்போடுகிறேன்.

அக்கா


வெ. பூமிநாதன்
முதுகுளத்தூர் வழி
30.4.2024

மகன் யோகேஸ்வரனுக்கு அய்யாவின் ஆசீர்வாதம். இங்கு நலம். வத்தல் களத்தில் காய்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது.

சடங்குக்குப் போகலாமா என்று நீ எழுதிக் கேட்டதற்குப் பதில். ஊர் பார்க்கக் கண்மாயில் இறங்கித் தலை முழுகியவன் நான். முழுகினது முழுகினதுதான். அன்றோடு அவள் இந்த வீட்டுக்குச் செத்தவள். செத்தவள் வீட்டுக்கு யாரும் சீர் கொண்டு போவதில்லை. வேலைக்குச் சேரும்போது உடன்பிறந்தார் இல்லை என்று நீ படிவத்தில் எழுதியது சரி. எழுதச் சொன்னவன் நான். இப்போது அதை மாற்றி எழுதி, வந்த சோற்றைக் காலால் தள்ளாதே.

வேறு விசேஷம் இல்லை. வெயிலில் அலையாதே.

அந்தப் பிள்ளை எத்தனாவது படிக்கிறது?


பாம்பன்
8.5.2024

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. டிரோன் மட்டும் வருகிறது. நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சத்தம் தேயும் வரை உள்ளே நின்றுவிட்டு, பிறகு வேலையைப் பார்க்கிறேன்.

சடங்கு இம்மாதம் பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள். நீ வர வேண்டாம். வரச் சொல்லி இனி உன்னைக் கஷ்டப்படுத்த மாட்டேன். அங்கிருந்தே பார்.

தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோம். பந்தல்காரரிடம் மணைக்கு மேலே மட்டும் கீற்று போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர், "அக்கினி வெயிலுல பச்சப்பிள்ளைய வாட்டப் போறீகளா?" என்று என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். எங்கள் பக்கத்து வழக்கம், சூரியன் பார்க்க வேண்டும் என்று புளுகினேன். நம்பிவிட்டார். வீட்டுக்குள் வந்துதானே பார்க்கக் கூடாது? தெருப் பந்தலைப் பார்த்தால் யார் என்ன கேட்பார்கள்?

உமாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வாய் திறக்க மாட்டாள். மணையில் உட்கார்ந்து மேலே பார்ப்பாள். அவள் முகம் உனக்குத் தெரியும்.

வந்து பார், தம்பி. பத்தரைக்கு மேல்.

அக்கா


முகாம்
16.5.2024

மதிப்பிற்குரிய அய்யாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

உங்கள் சொல்லை மீறிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா சேலை ஆட்டிய பதிவுகளை வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு நாளும் இந்த வீட்டுக்கு மேல் மட்டும் ஏன் கூடுதலாகச் சுற்றினாய், அவர்களிடம் என்ன வாங்கினாய் என்று கேட்டார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மச்சான் கடத்தல்காரர் ஆகிவிடுவார். "சார், அது எங்க அக்கா. எனக்குத்தான் ஆட்டுச்சு" என்று சொன்னேன்.

படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள். உடன்பிறந்தார் இல்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. எங்கள் அய்யா தலை முழுகிவிட்டார், அதனால் அப்படி எழுதினேன் என்றேன். அதிகாரி வடக்கத்திக்காரர். மொழிபெயர்த்தவர் எவ்வளவோ சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. அப்பா குளித்தால் அக்கா எப்படி இல்லாமல் போவாள் என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை, அய்யா. நீங்கள் சொன்னீர்கள்தான். எழுதியது என் கை.

வேறொரு தாள் கொடுத்தார்கள். துர்காதேவி, உடன்பிறந்த அக்காள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மச்சான் பெயரை நீக்கிவிடுவதாகச் சொன்னார்கள். பொய்த் தகவல் கொடுத்ததற்கு என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஊருக்கு அனுப்புவார்கள். அதுவரை ஓர் அறையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் விசாரணை முடியும் வரை பாம்பனுக்குப் போகக் கூடாது, அக்கா வீட்டாரைப் பார்க்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மீறினால் மச்சான் மேல் மறுபடியும் சந்தேகம் வரும். எத்தனை மாதம் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சடங்கு. நான் மேலே இருந்து பார்ப்பேன் என்று அக்கா பந்தலில் நடுவே கீற்று போடாமல் விட்டிருக்கிறாள். அன்றைக்கு டிரோனை வேறொருவன் ஓட்டுவான். நான் இருக்கும் அறையின் ஜன்னல் கடல் பக்கம் இல்லை.

நீங்களாவது போகலாம், அய்யா. முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்தரைக்குள் போய்விடலாம். ஏழாவது முடித்து எட்டாவது போகிறாள். பெயர் உமாமகேஸ்வரி.

உங்கள் மகன்
யோகேஸ்வரன்


பாம்பன்
21.5.2024

என் உயிரான தம்பிக்கு,

எல்லாரும் சுகம். சுகம் என்று மனம் நிறைந்து எழுதி எத்தனை நாளாயிற்று.

நீ வந்துவிட்டாய். பத்தே முக்கால் வரை வரவில்லை. உமா மணையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்தாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து பொட்டெல்லாம் கரைந்துவிட்டது. தாய்மாமன் எங்கே, மாலையை யார் போடுவது என்று பெண்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அய்யா வருவார் என்று நான் நினைக்கவில்லை, வரவும் இல்லை. நம் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. எங்கேயாவது போய் விழுந்துவிடலாம் போல இருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. நேரே பந்தலுக்கு மேல் வந்து நின்றது. உமா எழுந்து, தட்டில் நான் வாங்கி வைத்திருந்த மாலையை இரண்டு கையாலும் எடுத்து மேலே தூக்கிக் காட்டினாள். நீ கொஞ்சம் கீழே இறங்கினாய். "எங்க மாமா வந்துட்டாக" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மாலையைத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டமே அண்ணாந்து பார்த்தது. உன் மச்சான் என்னைப் பார்த்தார். "எந்தம்பிக்குத்தான் ஆட்டுனேன்" என்றேன். அவர் மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாம் முடிகிற வரை நீ அங்கேயே நின்றாய்.

இன்னொன்று. முந்தின நாள்தான் இவரைக் கூப்பிட்டு, உங்கள் பெயரை நீக்கிவிட்டோம், போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏன், எப்படி என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லையாம். எந்தச் சாமி கண் திறந்ததோ. தடை முடிந்ததும் ஹமீது சுல்தான் போட்டிலேயே போகப் போகிறார்.

உமா ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். "மாமா நெசமாவே பாத்தாகளான்னு தெரியணும். நான் கட்டியிருந்த பட்டு என்ன நெறம்னு எழுதச் சொல்லும்மா" என்கிறாள். வெயிலில் முகம் கறுத்துப் போயிற்று. யார் கேட்டாலும் மாமனுக்காகப் பட்ட வெயில் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

மறக்காமல் நிறத்தை எழுது.

உன் அக்கா துர்கா


9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மச்சானும் மருமகளும் என்றும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் சுற்றி வந்து சேர்ந்தது, அதனால்தான் பதில் தாமதம்.

பார்த்தேன், அக்கா. வருவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. எல்லாம் பார்த்தேன். பிள்ளை மாலையைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்தேன். மச்சான் கும்பிட்டதையும் பார்த்தேன். கீழே இறங்கியது நான்தான்.

எனக்கு வேறு இடத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. எந்த இடம் என்று எழுதக் கூடாது. இனி சத்தம் கேட்டால் வெளியே வராதே. அதை வேறு யாரோ ஓட்டுவார்கள். சேலையை ஆட்டிவிடாதே, உமாவிடமும் சொல். கொஞ்ச காலத்துக்குக் கடிதம் போட முடியாது. அங்கிருந்து விட்டதும் எழுதுகிறேன். மச்சான் மேல் இனி ஒரு குறையும் வராது, தைரியமாகக் கடலுக்குப் போகச் சொல்.

உமா கேட்டதற்குப் பதில். பட்டின் நிறம் எனக்குத் தெரியவில்லை என்று சொல். அவள் மேலே பார்த்த நேரம் மாமாவுக்குக் கண் நிறையத் தண்ணீர்.

உன் தம்பி
யோகேஸ்வரன்